ஐந்து நாளில் அமுங்கிய பரு மீண்டும் பெருகியது ஏன்?

கேள்வி

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு,

நாங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைக்கு அருகில் ஒரு கிராமத்தில் வசிக்கிறோம். என் மகளுக்கு 17 வயது. பிளஸ் டூ படிக்கிறாள். இரண்டு வருடமாக அவளுக்கு நெற்றியிலும் கன்னத்திலும் முகப்பரு இருக்கிறது. அழுக்கால் வருகிறது என்று நினைத்து ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை சோப்புப் போட்டு முகம் கழுவுகிறாள். என் மாமியார் சங்கை இழைத்துப் பூசச் சொன்னார்கள். அதையும் செய்து பார்த்தோம். நான்கு மாதத்துக்கு முன்பு மருந்துக்கடையில் கேட்டு ஒரு கிரீம் வாங்கினேன். ஐந்தே நாளில் பரு அமுங்கி முகமும் வெளுத்தது. இப்போது ஒரு நாள் பூசாவிட்டாலும் முகம் சிவந்து எரிகிறது. முன்பைவிட அதிகமாகப் பரு வருகிறது. தினமும் தலைக்குத் தேங்காய் எண்ணெய் தேய்ப்பதை நிறுத்த வேண்டுமா? மீனை நிறுத்த வேண்டுமா? கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும் என்று உறவினர்கள் சொல்வது உண்மையா? தை மாதத்தில் என் தம்பிக்குக் கல்யாணம், அதற்குள் குணமாகுமா? எங்கே போனாலும் முகத்தைப் பற்றியே கேட்கிறார்கள் என்று அவள் வெளியே வரவே மறுக்கிறாள்.

பதில்

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தில் பல கேள்விகள் இருந்தாலும், நடுவில் இரண்டு வரியில் நீங்கள் சொல்லிச் சென்றிருக்கும் அந்த கிரீமைப் பற்றித்தான் நான் முதலில் பேச வேண்டும். எண்ணெயையும் மீனையும் பற்றி அடுத்த வாரம்கூடப் பேசிக்கொள்ளலாம். அந்த டியூபைப் பற்றி இன்றே பேசியாக வேண்டும். அதன் பெயரை நீங்கள் எழுதவில்லை. ஆனால் ஐந்து நாளில் பரு அமுங்கியது, முகம் வெளுத்தது, ஒரு நாள் பூசாவிட்டாலும் சிவந்து எரிகிறது என்ற மூன்றையும் சேர்த்துப் பார்க்கும்போது, அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது என்றே பலமாகச் சந்தேகிக்கிறேன். முகப்பருவுக்கென்று மருத்துவத்தில் இருக்கும் நல்ல மருந்து எதுவும் ஐந்து நாளில் இப்படி வேலை செய்வதில்லை. ஆறு வாரத்தில் மாற்றம் கொஞ்சம் தெரியத் தொடங்கும், 12 வாரத்தில் நன்றாகத் தெரியும். அதுதான் அவற்றின் இயல்பான வேகம்.

டியூபை எடுத்து வெளிச்சத்தில் வைத்து, பெரிய எழுத்தில் உள்ள பெயரை விட்டுவிட்டு, அதன் கீழே பொடி எழுத்தில் அச்சடித்திருக்கும் சேர்மானப் பட்டியலைப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், குளோபெட்டசால், ஃபுளூசினோலோன் ஆகிய பெயர்களில் ஏதேனும் ஒன்று இருந்தால் அது ஸ்டீராய்டு. ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினோயின் என்னும் இரண்டோடு மொமெட்டசோனும் சேர்ந்த மூன்று மருந்துக் கலவை ஒன்று, மங்கு என்னும் கரும்படலத்துக்கு மருத்துவர் குறுகிய காலத்துக்கு மட்டும் எழுதித் தருவது; அதுதான் இன்று நம் வீடுகளில் 'முகத்துக்குப் போடும் கிரீம்' என்ற பெயரில் ஆண்டுக்கணக்கில் புழங்குகிறது. 2018ஆம் ஆண்டிலேயே மத்திய அரசு இத்தகைய ஸ்டீராய்டு களிம்புகளை, மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத 'எச்' அட்டவணைக்குள் கொண்டுவந்துவிட்டது. ஆகவே சீட்டில்லாமல் அது உங்கள் கைக்கு வந்ததில் உங்கள் தவறு எதுவும் இல்லை. பெற்ற பிள்ளையின் முகம் வாடுவதைப் பார்க்கும் எந்தத் தாயும் செய்வதைத்தான் நீங்களும் செய்தீர்கள்.

அது எப்படி அவ்வளவு விரைவாக வேலை செய்தது என்பதைத் தெரிந்துகொண்டால், ஏன் இப்போது இப்படி ஆயிற்று என்பதும் விளங்கும். ஸ்டீராய்டு தோலின் நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது; அதனால் சிவப்பு மறைந்து முகம் வெளுத்ததுபோல் தெரிகிறது. உடலின் எதிர்ப்பு வினையையும் அது அடக்குகிறது; அதனால் வீக்கமும் வலியும் தணிகின்றன. ஆனால் பருவுக்கு மூலமான அடைப்பு உள்ளே அப்படியே இருப்பதோடு, நாளடைவில் ஸ்டீராய்டே புதிய அடைப்புகளையும் உண்டாக்குகிறது. தோல் மெலிந்துபோகிறது. மருந்தை நிறுத்தியதும், இதுவரை சுருக்கிவைக்கப்பட்டிருந்த குழாய்கள் ஒரேயடியாக விரிவதால் முகம் சிவந்து எரிகிறது. அந்த எரிச்சலுக்குப் பயந்து மறுபடி பூசினால் தணிகிறது. இப்படியே அந்த டியூப் இல்லாமல் முடியாது என்ற நிலை வந்துவிடுகிறது. சில மாதங்களுக்கு முன்பு, உங்கள் மகளின் வயதுடைய ஒரு பெண்ணை அவளுடைய தாயார் என்னிடம் அழைத்து வந்தார். கைப்பையிலிருந்து அவர் எடுத்த டியூப், பற்பசை டியூபைப் போலக் கழுத்து வரைக்கும் சுருட்டி நெரிக்கப்பட்டிருந்தது. விளக்கைச் சாய்த்து உருப்பெருக்கிக் கண்ணாடியின் வழியே பார்த்தபோது, கன்னத்தில் சிவப்பு நூலை உதறிப் போட்டதுபோல் மெல்லிய இரத்தக் குழாய்கள் ஓடின. தாடையோரத்தில் பூனைமுடி கறுத்து நீண்டிருந்தது. அவற்றுக்கு இடையே, ஒரே அச்சில் வார்த்ததுபோல் ஒரே அளவில் சின்னஞ்சிறு பருக்கள். அவள் பூசியது எட்டு மாதம். உங்கள் மகளுக்கு நான்கு மாதம்தான் ஆகியிருக்கிறது என்பதால், தோல் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும் என்ற நம்பிக்கையோடு இதை எழுதுகிறேன்.

உடனே நிறுத்துவதா, படிப்படியாகக் குறைப்பதா என்பது எந்த ஸ்டீராய்டு, எவ்வளவு வீரியம், எத்தனை நாள் பூசினார்கள் என்பதைப் பொறுத்தது. எனவே டியூபைக் குப்பையில் போடாமல் அப்படியே எடுத்துக்கொண்டு இந்த வாரமே ஒரு தோல் மருத்துவரிடம் போங்கள். நிறுத்திய பிறகு சில வாரங்களுக்கு முகம் சிவக்கும், எரியும், பருக்களும் கொத்தாக வரும். இதை முன்கூட்டியே உங்கள் மகளிடம் சொல்லிவைக்க வேண்டும். சொல்லாமல் விட்டால், புதிய மருத்துவம்தான் முகத்தைக் கெடுத்துவிட்டது என்று நினைத்துப் பிள்ளைகள் இரகசியமாகப் பழைய டியூபுக்கே திரும்பிவிடுகிறார்கள். அந்த நாட்களைக் கடக்க எரிச்சல் தணிக்கும் மருந்துகள் இருக்கின்றன. குளிர்ந்த நீரில் நனைத்த மெல்லிய துணியை முகத்தில் ஒற்றிக்கொள்வதும், மணமில்லாத எளிய மாய்ஸ்சரைசர் பூசுவதும், வெயிலைத் தவிர்ப்பதும் உதவும்.

இனி, முகப்பரு என்பதே என்ன என்ற கேள்விக்கு வருகிறேன். நீங்கள் இதை நேராகக் கேட்கவில்லை என்றாலும், உங்கள் எல்லாக் கேள்விகளுக்கும் அடியில் இருப்பது இதுதான். நம் தோலில் ஒவ்வொரு மயிர்க்காலை ஒட்டியும் ஓர் எண்ணெய்ச் சுரப்பி இருக்கிறது. பருவ வயதில், பெண்பிள்ளைகள் உடலிலும் கொஞ்சம் சுரக்கும் ஆண்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் இந்தச் சுரப்பிகளைத் தூண்டிவிடுவதால் எண்ணெய்ப் பசை அதிகமாகிறது. அதே நேரத்தில், மயிர்க்காலின் உட்சுவரில் இருந்து உதிர்ந்து வெளியேற வேண்டிய இறந்த செல்கள், வெளியேறாமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வாயை அடைத்துவிடுகின்றன. மடையில் சருகு அடைத்துக்கொண்டால் வாய்க்காலில் தண்ணீர் பின்னுக்குத் தேங்குவதைப் போல, எண்ணெய் உள்ளேயே தேங்குகிறது. நம் எல்லோருடைய தோலிலும் எப்போதும் குடியிருக்கும் கியூட்டிபாக்டீரியம் ஆக்னெஸ் என்ற நுண்ணுயிர், காற்றில்லாத அந்த எண்ணெய்க் குழியில் பெருகுகிறது. உடல் அதை எதிர்க்கப் புறப்படும்போது சிவப்பும் வீக்கமும் சீழும் உண்டாகின்றன. எண்ணெய்ச் சுரப்பிகள் முகத்திலும் மார்பிலும் முதுகின் மேற்பகுதியிலும்தான் பெரியவையாகவும் நெருக்கமாகவும் இருக்கின்றன. அதனால்தான் பருவும் அங்கேயே வருகிறது. சுரப்பியே இல்லாத உள்ளங்கையில் அது வருவதில்லை.

இதில் அழுக்குக்கு எந்த இடமும் இல்லை என்பதைக் கவனியுங்கள். மூக்கில் தெரியும் கரும்புள்ளியைக்கூட அழுக்கு என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். திறந்திருக்கும் அடைப்பின் வாயில் தோலின் நிறமியும், காற்றுப் பட்டு மாறிய எண்ணெயும் சேர்ந்து கறுத்திருப்பதுதான் அது. எவ்வளவு தேய்த்தாலும் போகாது. உங்கள் மகள் ஐந்தாறு முறை சோப்புப் போட்டுக் கழுவுவது தோலின் மேலிருக்கும் காப்புப் படலத்தைத்தான் அரித்து எடுக்கிறது. தோல் இயல்பாகவே சற்று அமிலத்தன்மை கொண்டது. குளியல் சோப்போ காரத்தன்மை கொண்டது. முகம் இழுத்துப் பிடிப்பதுபோல் இருந்தால் சுத்தமாகிவிட்டது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அது தோல் காய்ந்து புண்படுவதன் அடையாளம். காலையிலும் இரவிலும் என இரண்டே முறை, நுரை குறைந்த மென்மையான ஃபேஸ்வாஷ் போதும். விளையாடி வியர்த்து வந்தால் வெறும் தண்ணீரில் ஒருமுறை அலசிக்கொள்ளட்டும். நாரோ சொரசொரப்பான ஸ்கிரப்போ வேண்டவே வேண்டாம்.

சங்கைப் பற்றி உங்கள் மாமியார் சொன்னது அன்பினால் சொன்னது. நம் கடற்கரை மாவட்டத்தில் சங்கு இல்லாத வீடு குறைவு, அதைக் கல்லில் இழைத்துப் பூசாத பாட்டியும் குறைவு. சங்கு கால்சியம் கார்பனேட் என்னும் சுண்ணச் சத்தால் ஆனது. அதை இழைத்த பசை மேலே காய்ந்து, எண்ணெய்ப் பசையைக் கொஞ்சம் உறிஞ்சுவதால் பரு வற்றியதுபோல் தோன்றும். அடைப்பை அது நீக்காது. எரிச்சலில் இருக்கும் தோலில் இப்போதைக்கு அதையும் நிறுத்திவையுங்கள். பற்பசையும் எலுமிச்சைச் சாறும் அதைவிடத் தீமை செய்பவை; எலுமிச்சைச் சாற்றைப் பூசிக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்து கறுத்துவிடும்.

தேங்காய் எண்ணெய் விஷயத்துக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது நம் ஊர் வாழ்க்கையோடு கலந்தது. நம் பக்கத்தில் தினமும் தலைக்குக் குளிப்பதும், தினமும் தலைக்கு எண்ணெய் வைப்பதும் வழக்கம். பள்ளிக்குப் போகும் பெண்பிள்ளைகள் எண்ணெய் வைத்துப் படிய வாரிச் சடை போட்டுக்கொண்டுதான் வீட்டைவிட்டுப் புறப்படுகிறார்கள். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் நனைக்கும் இந்த மாவட்டத்தில் காற்றில் எப்போதும் ஈரம் இருப்பதால், பேருந்தில் நின்று பள்ளி போய்ச் சேருவதற்குள் அந்த எண்ணெய் வியர்வையோடு சேர்ந்து நெற்றிக்கு இறங்கிவிடுகிறது. தேங்காய் எண்ணெய் துளைகளை அடைக்கும் தன்மை உடையது. தலைக்குப் பூசும் எண்ணெய்ப் பசைகளால் நெற்றியில் அடைப்புப் பருக்கள் வருவதை அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் 1970ஆம் ஆண்டிலேயே தனியாகப் பெயரிட்டு எழுதியிருக்கிறார்கள். என் அனுபவத்தில், மயிர்க்கோட்டை ஒட்டியே நெற்றி முழுவதும் மணல் தூவியதுபோல் பொடிப்பொடியாக இருந்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, எண்ணெய் எப்போது வைக்கிறீர்கள் என்பதுதான்.

அதற்காக எண்ணெயையே விட்டுவிடச் சொல்லவில்லை. தலைமுடிக்கு அது நல்லதே. குளிப்பதற்கு அரைமணி நேரம் முன்பு முடியின் நீளத்துக்கு மட்டும் தேய்த்து, தலையைப் பின்னுக்குச் சாய்த்து ஷாம்பு போட்டு அலசிவிட்டு, அதன் பிறகு முகத்தைக் கழுவட்டும். வாரத்துக்கு இரண்டு முறை போதும். குளித்த பிறகு எண்ணெய் வைத்துக்கொண்டு வெளியே போவதைத்தான் நிறுத்த வேண்டும். இரவில் எண்ணெய் வைத்துப் படுப்பதும் கூடாது, தலையணை உறையே எண்ணெய்த் துணியாகிவிடும். உறையை வாரத்துக்கு இரண்டு முறையாவது மாற்றுங்கள். முகத்தில் தேங்காய் எண்ணெய் பூசவே வேண்டாம். இதோடு இன்னொன்றையும் மருத்துவரிடம் கேளுங்கள்: நெற்றியிலும் மார்பிலும் முதுகிலும் உள்ள பொடிப்பருக்கள் நன்றாக அரிக்கின்றன, தலையில் பொடுகும் இருக்கிறது என்றால் அது முகப்பருவாகவே இல்லாமல், மயிர்க்காலில் வளரும் மலசீசியா என்ற பூஞ்சையால் வந்ததாக இருக்கலாம். ஈரமும் வியர்வையும் நிறைந்த நம் ஊர்களில் இதை அடிக்கடி பார்க்கிறேன். அதற்குப் பூஞ்சை மருந்துதான் வேண்டும். பருவுக்கான ஆன்டிபயாடிக் மாத்திரை அதை அதிகமாக்கிவிடும்.

மீனை நிறுத்தவே நிறுத்தாதீர்கள். சாளையிலும் அயிலையிலும் உள்ள ஒமேகா 3 கொழுப்பு உடலின் அழற்சியைத் தணிக்கும் தன்மை உடையது. சாளைப் புளிமுளம் சாப்பிட்டுப் பரு வந்தது என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. நேந்திரங்காய் சிப்ஸின் எண்ணெய் முகத்தில் வந்து கசிவதும் இல்லை. உணவில் கவனிக்க வேண்டியது இரத்தச் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றும் பொருட்களைத்தான்: பேக்கரி கேக், மைதா பண்டங்கள், இனிப்புக் குளிர்பானம், நாளைக்கு மூன்று நான்கு முறை சர்க்கரை நிறையப் போட்ட தேநீர், பாலில் கலக்கும் இனிப்பான சத்து மாவு. இவற்றால் இன்சுலின் ஏறும்போது எண்ணெய்ச் சுரப்பும் தூண்டப்படுகிறது. சிலருக்குப் பாலும் பருவைக் கூட்டுகிறது. உங்கள் மகளுக்கு அப்படியா என்று ஒரு மாதம் குறைத்துப் பார்க்கலாம். ஆனால் வளரும் பிள்ளை, தேர்வு எழுதப்போகும் பிள்ளை. தட்டைக் காலியாக்கி அவளைப் பட்டினி போட்டுவிடாதீர்கள். உணவு மாற்றத்தால் மட்டும் பரு குணமாவதில்லை.

கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்பது உண்மை அல்ல. வயது ஏற ஏறப் பலருக்குப் பரு தானாகக் குறைவதும், நம் பெண்களுக்கு இருபது வயதுகளில் கல்யாணம் நடப்பதும் ஒரே காலத்தில் வருவதால் உண்டான நம்பிக்கை அது. முப்பது வயதிலும் பருவோடு வரும் மணமான பெண்களை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஹார்மோனுக்குப் பங்கு உண்டு என்பது மட்டும் சரி; மாதவிலக்குக்கு முந்தைய வாரத்தில் பரு கூடுவது பலருக்கும் இயல்பு. ஆனால் மாதவிலக்கு ஒழுங்கில்லாமல் 35 நாட்களுக்கு மேல் தள்ளித் தள்ளி வருகிறதா, மேல் உதட்டிலும் தாடையிலும் முடி தடித்து வளர்கிறதா, உடல் எடை கூடுகிறதா, பிடரியில் கறுப்புப் படர்கிறதா, பரு தாடையோரத்திலும் கழுத்திலும் ஆழமாக வருகிறதா என்று பாருங்கள். இவை இருந்தால் பிசிஓஎஸ் என்னும் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினைக்காகப் பரிசோதிக்க வேண்டும். அப்போது களிம்பு மட்டும் போதாது.

சரி, எதைப் பூசுவது? ஸ்டீராய்டினால் வந்த எரிச்சல் தணிந்த பிறகு, மருத்துவர் பெரும்பாலும் இரண்டு மருந்துகளை நம்பித்தான் தொடங்குவார். ஒன்று, அடைப்பைத் திறக்கும் அடாபலீன் 0.1 சதவீத ஜெல். இரண்டாவது, நுண்ணுயிரைக் குறைக்கும் பென்சாயில் பெராக்சைடு 2.5 சதவீத ஜெல். பின்னதில் 5 சதவீதமும் 10 சதவீதமும் உண்டு என்றாலும் 2.5 சதவீதமே ஏறக்குறைய அதே பலனைக் குறைந்த எரிச்சலோடு தருகிறது. வீரியம் கூடினால் விரைவில் குணம் என்று எண்ண வேண்டாம். அடாபலீனை இரவில் பூச வேண்டும். முகம் கழுவி, துடைத்து, ஈரம் முற்றிலும் காய்ந்த பிறகு, ஒரு பட்டாணி அளவு எடுத்து நெற்றி, இரு கன்னங்கள், மூக்கு, தாடை என்று ஐந்து இடத்தில் புள்ளி வைத்து முகம் முழுவதும் மெல்லப் பரப்ப வேண்டும்; கண்ணோரமும் உதட்டோரமும் மூக்கின் மடிப்பும் தவிர. பரு இருக்கும் இடத்தில் மட்டும் தொட்டு வைப்பதுதான் எல்லோரும் செய்யும் பிழை. இன்று நாம் காணும் பரு, பல வாரங்களுக்கு முன்பே கண்ணுக்குத் தெரியாத நுண்ணடைப்பாகத் தொடங்கியது. அடுத்த மாதம் வரப்போகும் பரு இப்போது வெறுமையாகத் தெரியும் இடத்தில் உருவாகிக்கொண்டிருக்கிறது. மருந்து அதற்கும் சேர்த்துத்தான். முதல் இரண்டு வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் பூசி, தோல் பழகிய பின் தினமும் பூசலாம். தொடக்கத்தில் தோல் காய்ந்து உரியும், பரு சற்றுக் கூடியதுபோலும் தோன்றும். எண்ணெய்ப் பசையான முகமானாலும் இலேசான மாய்ஸ்சரைசர் அவசியம். 'நான் காமெடோஜெனிக்' என்று உறையில் எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். துளைகளை அடைக்காது என்பது அதன் பொருள்.

பென்சாயில் பெராக்சைடு துணியின் சாயத்தை வெளுத்துவிடும். முன்பே சொல்லாததால், பள்ளிச் சீருடையின் நீலக் கழுத்துப்பட்டி திட்டுத் திட்டாக ஆரஞ்சு நிறமாகிப்போன ஒரு பிள்ளையை அவளுடைய அம்மா கண்டித்ததை என் கண்முன்னே பார்த்தேன். அன்றிலிருந்து வெள்ளைத் துண்டும் வெள்ளைத் தலையணை உறையும் வைத்துக்கொள்ளுங்கள் என்று நானே சீட்டில் எழுதிவிடுகிறேன்.

கிளிண்டாமைசின் போன்ற ஆன்டிபயாடிக் ஜெல்லைத் தனியாக மாதக்கணக்கில் பூசக் கூடாது; நுண்ணுயிர் அதற்குப் பழகி எதிர்ப்புத்திறன் பெற்றுவிடும். பென்சாயில் பெராக்சைடோடு சேர்த்துத்தான் பூச வேண்டும். சீழோடு நிறையப் பரு இருந்தால் டாக்சிசைக்ளின் மாத்திரை தருவதுண்டு. அதுவும் ஏறக்குறைய மூன்று மாதத்துக்கு மேல் நீளக் கூடாது. ஒரு தம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்கி, உடனே படுக்காமல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உணவுக் குழாய் புண்ணாகும். ஆழமான கட்டிகளும் பள்ளத் தழும்பும் வரத் தொடங்கினால் ஐசோட்ரெட்டினோயின் என்ற மாத்திரையைப் பற்றி மருத்துவர் பேசுவார். 1982 முதல் பயன்பாட்டில் இருக்கும் இம்மருந்து, எண்ணெய்ச் சுரப்பியையே சுருக்குவதால் கடும் பருவுக்கு மிகச் சிறந்தது. கர்ப்பப்பையைக் கெடுத்துவிடும், பின்னால் குழந்தை பிறக்காது என்று ஊரில் சொல்வது தவறு. ஆனால் அதை உண்ணும் காலத்திலும், நிறுத்திய பின் ஒரு மாதம் வரையிலும் கருத்தரித்தால் குழந்தைக்குக் கடுமையான பிறவிக் குறைகள் ஏற்படக்கூடும் என்பது முற்றிலும் உண்மை. ஆகவே இரத்தப் பரிசோதனையும் மருத்துவர் கண்காணிப்பும் இல்லாமல், யாருடைய பழைய சீட்டைக் காட்டியும் அதை வாங்கக் கூடாது.

பருவைக் கிள்ளாதிருப்பது சொல்வதற்கு எளிது, கண்ணாடி முன் நிற்கும் பிள்ளைக்குக் கடினம் என்று எனக்குத் தெரியும். ஆனால் நம்மைப் போன்ற மாநிறத் தோலில், அழற்சி ஆறிய இடமெல்லாம் கறுத்துத்தான் ஆறும். கிள்ளினால் அந்தக் கறை இன்னும் ஆழமாகி, சில இடங்களில் பள்ளமும் விழும். கறை சில மாதங்களில் தானே மங்கும். பள்ளம் மங்காது, அதற்குத் தனிச் சிகிச்சை, அதுவும் பரு முழுவதும் அடங்கிய பிறகுதான். கறை மங்க வெயிலைத் தடுப்பதே முதல் மருந்து. எஸ்பிஎஃப் 30 உள்ள, ஜெல் வகைச் சன்ஸ்கிரீனைக் காலையில் பூசிக்கொள்ளட்டும். அசெலாயிக் அமிலம் உள்ள கிரீமும் கறைக்கும் பருவுக்கும் சேர்த்து உதவும். வெண்மையாக்கும் என்று விற்கும், சேர்மானமே அச்சிடாத டப்பாக் கிரீம்கள் வீட்டுக்குள் வரவே கூடாது. பாதரசம் கலந்த அத்தகைய கிரீம்களால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களை, அண்டை மாநிலத்து மலப்புரம் மாவட்ட மருத்துவர்கள் 2023இல் கண்டறிந்தார்கள்.

உங்கள் கடிதத்தின் கடைசி வரியை நான் இரண்டு முறை படித்தேன். "என்ன மக்களே, மொகமெல்லாம் இப்படி ஆயிட்டு?" என்று விருந்து வீட்டில் ஒருவர் கேட்பது அக்கறையில்தான், ஆனால் அந்தக் கேள்வியை ஒரே நாளில் பத்துப் பேர் கேட்டால் 17 வயதுப் பிள்ளை என்ன செய்வாள்? அடுத்த முறை அவள் பதில் சொல்வதற்கு முன்பே நீங்கள் சொல்லிவிடுங்கள்: "டாக்டரிடம் காட்டியிருக்கோம், மருந்து போடுறா." அதோடு பேச்சை மாற்றிவிடுங்கள். வீட்டிலும் காலையில் எழுந்ததும் அவள் முகத்தைப் பார்த்து எத்தனை புதிதாக வந்திருக்கிறது என்று எண்ணாதீர்கள். அவள் சரியாகத் தூங்காமல், சாப்பிடாமல், பள்ளிக்கும் போக மறுத்து ஒதுங்கியே இருந்தால் அதையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பருவோடு வரும் மனச்சோர்வும் சிகிச்சை தேவைப்படும் ஒன்றே.

தனியார் மருத்துவரிடம் போக வசதிப்படாவிட்டால், ஆசாரிபள்ளத்தில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் மருத்துவப் பிரிவு இருக்கிறது, காலையிலேயே போய்விடுங்கள். அந்த டியூபையும், இதுவரை சாப்பிட்ட மாத்திரைகளின் அட்டைகளையும், கடைசி மூன்று மாதவிலக்குத் தேதிகளையும் எடுத்துச் செல்லுங்கள். கிரீம் பூசத் தொடங்குவதற்கு முன்பு எடுத்த புகைப்படம் கைப்பேசியில் இருந்தால் அதையும் காட்டுங்கள். எது பழைய பரு, எது ஸ்டீராய்டு தந்த பரு என்று பிரித்தறிய அது மிகவும் உதவும்.

தை மாதக் கல்யாணத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இது ஆவணி, இன்னும் ஏறக்குறைய 20 வாரங்கள் இருக்கின்றன. இந்த வாரமே தொடங்கினால், ஸ்டீராய்டு விட்ட எரிச்சல் அடங்கி, பருமருந்து வேலை செய்யவும் காலம் இருக்கிறது. பருக்கள் வெகுவாகக் குறைந்திருக்கும் என்று எதிர்பார்க்கலாம். சிவப்பும் கறையும் முழுவதும் போயிருக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். கல்யாணத்துக்கு இரண்டு வாரம் முன்பாகப் பியூட்டி பார்லரில் பேஷியலும் பிளீச்சும் செய்வார்கள், மெலிந்த அந்தத் தோலில் அவற்றைச் செய்ய வேண்டாம். அன்றைக்கு இலேசாக ஒப்பனை செய்துகொள்ளட்டும், அதில் தவறில்லை. வீடு திரும்ப எவ்வளவு நேரமானாலும், படுக்கும் முன் அதைக் கழுவிவிட்டு, வழக்கமான ஜெல்லைப் பூசிக்கொண்டு தூங்கச் சொல்லுங்கள்.